ஒன்பது வீட்டுத் தூரம்

ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் என் வலது குதிகாலில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. அதனால் அந்த வார்த்தையை எழுத மனம் வரவில்லை.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. அன்று பாதி வழியில் நீங்கள் கழற்றிக் கொடுத்த உங்கள் செருப்பு அதில் இருக்கிறது. கழுவிக் காயவைத்துத்தான் அனுப்புகிறேன். இரவல் வாங்கியதை வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். பிறகு யாரும் அப்படி இல்லை, இப்படி என்று மாற்றிப் பேசக்கூடாது. என் மகனுக்கும் உங்கள் மகளுக்கும் கல்யாணமான பிறகு, கடந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாக உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றீர்கள். "ரொம்பத் தூரமா?" என்று கேட்டேன். "அட, ஒன்பது வீடு தள்ளித்தான்" என்றீர்கள். எங்கள் தெருவில் ஒன்பது வீடு தள்ளினால் சலவைக்கடை. ஆகவே வீட்டுச் செருப்போடும் கைப்பையோடும் கிளம்பினேன்.

உங்கள் ஒன்பது வீடு ஆறரை கிலோமீட்டர். போக மட்டும் இரண்டு மணி பத்து நிமிடம். நான் இருபத்தாறு வருடமாகப் பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பல்லுக்குப் பதினைந்து நிமிடம் என்று நாளைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. நேரக் கணக்கில் எனக்குத் தவறு வராது.

ஏரிப் படித்துறையில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளையோட அம்மாங்கிற மரியாதை கொஞ்சமாவது வேண்டாமா? இப்படி அலைக்கழிச்சுட்டீங்களே" என்று நான் சொன்னது உண்மை. "உங்களுக்கு நடக்கத் தெரியலைன்னா ஏரி என்ன பண்ணும்?" என்று நீங்கள் கேட்டதும் உண்மை. திரும்பும்போது பால் வண்டியில் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தேன். சமைத்து வைத்ததை யாரும் தொடவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி நிற்க, நான் நாலு நாற்பது பேருந்தில் ஏறிவிட்டேன்.

இனி பிள்ளைகள் உங்களை அங்கே வந்து பார்க்கட்டும், என்னை இங்கே வந்து பார்க்கட்டும். நாம் இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தாயார்

---

ஏப்ரல் 15

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

செருப்பு வந்தது. கடிதமும் வந்தது. கொண்டுவந்து கொடுத்தது நான்தான், ஏனென்றால் இந்த ஊருக்குத் தபால்காரி நான் ஒருத்திதான். காலையில் பிரிக்கும் மேசையிலேயே உங்கள் முத்து முத்தான கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். ஆனால் வழியில் பிரிக்கவில்லை. விலாசத்தில் எழுதியிருக்கும் இடத்தைச் சேரும் வரை எந்தக் கடிதத்தையும் தொடுவதில்லை என்று இருபத்தேழு வருடமாக எனக்கு ஒரு சட்டம். எனக்கு வந்ததானாலும் அதே சட்டம்தான். எல்லா வீட்டையும் முடித்து, என் வாசலில் நின்று, "தபால்" என்று நானே குரல் கொடுத்து, நானே வாங்கிப் பிரித்தேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒன்பது வீடு என்று நான் சொன்னது பொய்யில்லை. பாலத்தைத் தாண்டினால் தேனீக்காரர் வீடு முதலாவது. ஏரிக்கரைப் படகுக் கொட்டகை ஒன்பதாவது. நடுவில் வயலும் தோப்பும் ஓடையும் கிடக்கிறதென்றால் அதற்கு நான் என்ன செய்ய? அங்கெல்லாம் தபால் வாங்க ஆள் கிடையாது, அதனால் என் கணக்கில் வராது. என்னிடம் கிலோமீட்டர் கேட்டால் விழிப்பேன். வீடு கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். உங்கள் வீட்டு ஆட்களுக்கு இது தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அது என் தப்பு. நடக்கத் தெரியவில்லை என்று சொன்னதும் தப்பு. என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்று வீட்டுக்காரரும் சொல்வார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். படித்துறை வரும் வரை நீங்கள் கோபப்படவே இல்லை. செருப்பு வார் அறுந்தபோது சிரித்தீர்கள். வாத்துகள் துரத்தியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடினீர்கள். தோப்பில் உட்கார்ந்து எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தீர்கள். அப்புறம் தண்ணீரைப் பார்த்தீர்கள். பத்து நிமிடம் பேச்சே இல்லை. அதன் பிறகுதான் வெடித்தீர்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது? என் மகள் போனில் உங்கள் பேச்சு வந்தால் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவுகிறாள். இரண்டு அம்மாக்களுக்கு நடுவில் அவள் இடிபட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று. 'சம்பந்தி' என்று எழுதும்போது எழுத்தே விறைத்துக்கொண்டு நிற்கிறது. நான் உங்களைவிட மூன்று வயது மூத்தவள். 'அக்கா' என்று கூப்பிட்டால் குறைந்துபோக மாட்டீர்கள்.

தபால்காரி

---

ஏப்ரல் 24

சம்பந்தியம்மாவுக்கு,

அக்கா என்றெல்லாம் கூப்பிட முடியாது. மாப்பிள்ளை வீட்டுக்காரி என்று எனக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பதவி. அதையும் மூன்று மாதத்தில் விட்டுக்கொடுக்கச் சொன்னால் எப்படி?

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாம் முறை எழுதுகிறேன். இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் எழுதுவதால் அங்கங்கே தடுமாறும்.

படித்துறைக்குப் பக்கத்தில் மூன்று பெண்கள் நீந்திக்கொண்டிருந்தார்களே, நினைவிருக்கிறதா? நம் வயதுதான் இருக்கும். நம் உடம்புதான். ஒருத்தி மல்லாந்து மிதந்தபடி மற்றவளிடம் எதையோ சொல்ல, மூன்று பேரும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், வெறும் பொறாமை.

நான் நன்றாக நீந்துவேன். நீந்தினேன் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆற்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே மூச்சில் கடப்பேன். என் மகனுக்கே இது தெரியாது. கடைசியாகத் தண்ணீரில் இறங்கி முப்பத்தொரு வருடம் ஆகிறது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. குறை சொல்ல ஒரு மாமியார்கூட எனக்கு அமையவில்லை. இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் என்று நானேதான் தள்ளிப் போட்டேன். அடுத்தவர்களுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுப்பவள், எனக்கு ஒரு பதினைந்து நிமிடம் குறித்துக்கொள்ளவில்லை.

அங்கே நின்றபோது அப்படியே குதித்துவிடலாம் போலிருந்தது. கூடவே பயம், வெட்கம், கையில் கைப்பை. யார்மேலாவது பாய வேண்டும்போல ஆகிவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் நின்றீர்கள். அதுவும் எனக்குச் செருப்பைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு.

மன்னித்துக்கொள்ளுங்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்த நோயாளி வந்துவிட்டார். ஐந்து நிமிடம் தாமதம்.

---

மே 2

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்காரர், "என்னம்மா, யாருக்கு என்ன?" என்று பதறிக்கொண்டு வந்தார். "ஒண்ணுமில்ல, சம்பந்தி ஆத்தை நீந்திக் கடந்தாங்களாம்" என்றேன். "எப்போ, இப்பவா?" என்றார். பிள்ளைகளிடம்தானே சொல்லக்கூடாது என்றீர்கள். இவர் பிள்ளைக் கணக்கில் வரமாட்டார்.

நீங்கள் ஒரு ரகசியம் சொன்னீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. இருபத்தேழு வருடமாக அந்த ஏரிக்குப் போகிறேன். வெயிலில், பனியில், குடை பறக்கும் காற்றில் எல்லாம் போயிருக்கிறேன். ஆனால் ஏரி என்னை முழங்காலுக்கு மேல் பார்த்ததில்லை. அந்த மூன்று பெண்களும் ஞாயிறு தவறாமல் வருவார்கள். "எறங்குங்க தபால்காரம்மா" என்பார்கள். "டூட்டில இருக்கேன்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை என்ன டூட்டி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது ஏரி எப்படி இருக்கிறது தெரியுமா? தண்ணீர் கொஞ்சம் இறங்கித் தெளிந்துவிட்டது. படித்துறையில் நின்றால் கூழாங்கற்களை எண்ணலாம். டவுனிலிருந்து ஆட்கள் சைக்கிளில் வந்துவிடுகிறார்கள். தோப்பு நிழலில் பாயை விரித்துப் போட்டு ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிடுகிறார்கள். படகுக் கொட்டகைக்காரர் இரண்டு படகுக்குப் பச்சை அடித்திருக்கிறார், மூன்றாவதற்குப் பெயிண்ட் போதவில்லை. பம்பு அறைக்காரர் ஓடையின் மேல் புதுப் பலகை போட்டுவிட்டார். இந்த முறை காலைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் ஒரு தடவை வாருங்கள். நல்ல செருப்போடு வாருங்கள். நீங்கள் நீந்துவதைக் கரையில் உட்கார்ந்து பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

---

மே 14

சம்பந்தியம்மாவுக்கு,

ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கிவிட்டேன். தினமும் காலையில் வீட்டிலிருந்து டாக்டர் கிளினிக்குக்கு நடந்து போகிறேன். நாற்பத்தாறு நிமிடம் ஆனது, இப்போது முப்பத்தெட்டு. உங்கள் கணக்கில் அது அறுநூறு வீடு இருக்கும்.

நீச்சல் உடை வாங்கப் போன கதையைக் கேளுங்கள். கடைப் பெண், "பேத்திக்கா மேடம்?" என்று கேட்டாள். "எனக்குத்தான்" என்றேன். ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்போ நல்லதா எடுத்துத் தரேன்" என்று ஏணி போட்டு ஏறினாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்குப் புதன்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் புதன், அந்த ஒரு மணி நேரமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த பெண் என்னைக் காவலுக்கு நிற்கிறவள் என்று நினைத்து, குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். இரண்டாவது புதன் கம்பியை விட்டேன். உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, எனக்குத்தான் மறந்துபோயிருந்தது. முங்கி எழுந்ததும் அழுதேன். தண்ணீருக்குள் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

உங்கள் ஒன்பது வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள்? அன்று மூச்சு வாங்கியதில் பாதிப் பேரைக் கவனிக்கவில்லை. கதவு எண் என்ன, கடிதம் போட்டால் எத்தனை நாளில் போகும்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எதையும் பட்டியல் போட்டு வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

---

மே 25

சம்பந்தியம்மாவுக்கு,

கதவு எண்ணா? அந்தப் பக்கம் கதவே சில வீட்டில்தான் உண்டு. ஆளைச் சொன்னால் போதும். தேனீக்காரர், அப்புறம் ஒருவரோடொருவர் பேசாத அண்ணன் தம்பி. ஒரே வீடு, இரண்டு வாசல். ஒருத்தருக்குத் தபால் வந்தால் மற்றவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். மூன்றாவது பம்பு அறைக்காரர். நான்காவது வாத்துக்காரம்மா, உங்களைத் துரத்தியது அவர் படைதான். ஐந்தாவது வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆனாலும் எண்ணிக்கையில் உண்டு. அதை விட்டுவிட்டால் எனக்கு வழி தப்பிவிடும். அப்புறம் ஆட்டுக்காரர், கணக்கு வாத்தியார், தச்சர், கடைசியாகப் படகுக் கொட்டகை. உங்கள் ஊரில் காலையில் போட்டால் மூன்றாம் நாள் காலை என் மேசையில் இருக்கும். ஒருநாளும் தவறியதில்லை.

என் கடைசி நாள் ஜூன் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. ஒரு சங்கடம், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? பாலத்துக்கு அந்தப் பக்கம் கடிதம் இருந்தால்தான் நான் போக வேண்டும். இல்லாவிட்டால் பாலத்தோடு திரும்பிவிட வேண்டும், அது விதி. மூன்று வாரமாக அந்த ஒன்பது வீட்டுக்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. கடைசி நாளும் இப்படியே போனால், ஆபீசில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் தனியாகவும் போகலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் பையோடு போக வேண்டும் என்று எனக்கு ஆசை. 'தபால்' என்று குரல் கொடுத்துக்கொண்டே, ஏரி வரைக்கும், ஒரே ஒரு தடவை.

மேலதிகாரியிடம் கேட்டேன். "லெட்டர் இல்லாம பையைத் தூக்கிட்டுப் போனா அது உலாத்தறதும்மா, வேலை இல்ல" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

அன்று நீங்களாவது வந்துவிடுங்கள். பையில்லாமல் போனாலும் பேச்சுத் துணை இருக்கும்.

---

ஜூன் 2

சம்பந்தியம்மாவுக்கு,

பன்னிரண்டாம் தேதி என்னால் வர முடியாது. அன்று டாக்டரிடம் இருபத்திரண்டு பேருக்கு நேரம் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பாருங்கள், எப்போதுமே கூட்டம்.

உங்கள் பணி ஓய்வுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்.

மாப்பிள்ளையின் தாயார்

---

ஜூன் 6

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலே வரி இருந்ததால் வாசலில் நின்றபடியே படித்து முடித்துவிட்டேன்.

பரவாயில்லை. பல்வலி என்று வருகிறவர்களைக் காக்க வைக்க முடியாது. வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நமக்குள் இப்போது பொய் வேண்டாம். வருத்தமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கென்று ஒரு பெரிய துண்டு வாங்கி, துவைத்து, மடித்து வைத்திருந்தேன். 'மாப்பிள்ளையின் தாயார்' என்று மறுபடி கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. வீட்டுக்காரர் கேட்டார், கண்ணில் தூசி என்றேன்.

இன்றைக்கும் பாலத்தோடு திரும்பினேன். தேனீக்காரர் வேலிக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினார். நானும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

துண்டு அப்படியே இருக்கும். எப்போது முடிகிறதோ அப்போது வாருங்கள்.

தபால்காரி, இன்னும் ஆறு நாளைக்கு

---

ஜூன் 10 அன்று எழுதியது
ஜூன் 12 அன்று ஏரிக்கரையில் பிரிக்க வேண்டியது

அக்கா,

இன்று காலை உங்கள் மேசையில் ஒன்பது உறைகளும் ஒரே கையெழுத்தில் வந்து விழுந்திருக்கும். அந்த நேரத்து உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாற்காலியும் தேநீரும் ஒருபக்கம் கிடக்க, "தபால் இருக்கு சார், போகணும்" என்று சொல்லியிருப்பீர்கள். அப்போது குரல் எப்படி இருந்தது என்று பிறகு எனக்குச் செய்து காட்ட வேண்டும்.

ஒன்பதாவது உறையில் 'தபால்காரம்மா, படகுக் கொட்டகை' என்று எழுதியிருந்ததையும் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் பிரித்திருக்க மாட்டீர்கள். கை துறுதுறுத்தாலும் எட்டு வீட்டையும் முடித்து, கொட்டகை வாசலில் நின்று, உங்களுக்கு நீங்களே குரல் கொடுத்துவிட்டுத்தான் பிரித்திருப்பீர்கள். அந்த ஒரு சட்டத்தை நம்பித்தான் இவ்வளவும் செய்தேன்.

தேனீக்காரருக்கு, அன்று கையாட்டியதற்கு உங்கள் சார்பில் நன்றி எழுதினேன். அண்ணன் தம்பிக்கு ஒரே உறை. இருவரும் சேர்ந்து பிரிக்க வேண்டியது என்று மேலே எழுதியிருக்கிறேன். பிரித்தார்களா? வாத்துக்காரம்மாவுக்கு ஒரு புகார், கணக்கு வாத்தியாருக்கு ஒரு கணக்கு. பூட்டிய வீட்டுக்கும் ஒன்று போட்டேன். அதில் என்ன எழுதினேன் என்பது எனக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும் தெரியும். மொத்தம் நாலு ராத்திரி ஆனது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

இருபத்திரண்டு பேர் என்பது பொய்யில்லை. எல்லோரையும் திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டேன். ஒருவர், "பல்லு வலிக்குதும்மா" என்றார். "எனக்கு ஏரி இருக்கு" என்றேன். பாவம், ஒன்றும் புரியாமல் சரி என்றுவிட்டார். வர முடியாது என்று எழுதியதுதான் பொய். உங்கள் பதிலைப் படித்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். உங்கள் மகள்தான் பிடுங்கி வைத்தாள். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், நான் ஆற்றை நீந்திக் கடந்தது உட்பட. நாங்கள் மூன்று பேரும் ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சாலை வழியாகக் காரில் வந்திருக்கிறோம். உங்கள் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டோம், துண்டை எடுத்துவந்தது அவர்தான்.

எத்தனை மணிக்கு நீங்கள் வருவீர்கள் என்று தெரியாது. ஒன்பது வீட்டிலும் கதை பேசாமல் நகர மாட்டீர்கள். அதனால் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

இப்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். படித்துறைக்கு நேரே, தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரிகிறதே, அது வாத்து இல்லை. நான்தான். பக்கத்தில் சிரித்துக்கொண்டு மிதப்பது உங்களுடைய அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள், படகுக் கொட்டகைக்காரரிடம் சொல்லி இன்றைக்கும் வரவழைத்திருக்கிறேன். இந்நேரம் எங்களுக்குள் பழக்கமாகியிருக்கும்.

காலிப் பையை என் மகனிடம் கொடுங்கள். செருப்பைக் கழற்றி வையுங்கள், இந்த முறை நான் திருப்பி அனுப்ப மாட்டேன். டூட்டி முடிந்துவிட்டது, இனி அந்தச் சாக்கு செல்லாது. படித்துறைப் பக்கம் இடுப்பளவுதான் என்று படகுக் கொட்டகைக்காரரிடம் போனில் கேட்டு வைத்திருக்கிறேன். உங்கள் கையை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் சொல்லும் வரை விடமாட்டேன்.

ரொம்பத் தூரமா என்று கேட்காதீர்கள். ஒரு வீடு தள்ளித்தான். வாங்க அக்கா.

இப்படிக்கு,
பத்தாவது வீட்டுக்காரி